குளிர்நில ஒயின்: புளிப்பு, பாறை, பனி பற்றிச் சில கேள்விகள்

சேர்ந்திருந்த கேள்விகளில் பாதிக்கு மேல் புளிப்பைப் பற்றியவை. ஆகவே அதில் தொடங்குகிறேன்.

கே: குளிரான சரிவில் சிறு திராட்சைத் தோட்டம் வைத்திருக்கிறோம். சர்க்கரை போதுமான அளவு ஏறிய பிறகுதான் பறித்தோம். ஆனாலும் வெள்ளை ஒயின் பல் கூசும் அளவுக்குப் புளிக்கிறது. எங்கே பிசகினோம்?

ப: எங்கும் பிசகவில்லை. உங்கள் இடத்தின் இயல்பு அது. திராட்சையில் கணக்கில் எடுக்க வேண்டிய அமிலங்கள் இரண்டு: டார்டாரிக், மாலிக். கனியும் காலத்தில் பழம் தன் சுவாசத்துக்கு மாலிக் அமிலத்தைத்தான் செலவழிக்கிறது. வெப்பம் கூடினால் செலவும் கூடும். இரவில் நன்றாகக் குளிர்ந்துவிடும் இடங்களில் செலவு குறைவதால் அமிலம் பழத்திலேயே தங்கிவிடுகிறது. வெப்பமான பகுதிகளில் அறுவடை நேரத்தில் லிட்டருக்கு 1 முதல் 2 கிராம் மாலிக் இருக்கும். குளிர்ப் பகுதிகளில் 4 முதல் 6 கிராம் வரை இருப்பது சாதாரணம். பச்சை ஆப்பிளைக் கடித்தால் உறைக்கும் அந்தக் கூர்மை இதனால் வருவதுதான்.

இதைக் குறைக்க முதலில் நினைக்க வேண்டியது மாலோலாக்டிக் நொதித்தல். ஈனோகாக்கஸ் ஈனை என்ற பாக்டீரியா மாலிக் அமிலத்தை மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றிவிடும். அதற்கு 18 முதல் 22 டிகிரி வரை வெப்பம் வேண்டும். ஒயின் கெடாமல் காக்கச் சேர்க்கும் சல்ஃபைட் (சல்ஃபர் டை ஆக்சைடு) குறைவாக இருக்க வேண்டும். பி.எச். (எண் குறையக் குறைய அமிலத்தன்மை கூடும் அளவுகோல்) 3.2க்குக் கீழே போனால் அந்தப் பாக்டீரியா மிகவும் சிணுங்கும். சிவப்பு ஒயினுக்கு இதைச் செய்யாமல் விடுவது அரிது. வெள்ளையில் சார்டொனே ரகத்துக்குப் பொருந்தும், வெண்ணெய் வாசனையும் கொஞ்சம் சேரும். ரீஸ்லிங்குக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். பூ வாசனையும் பழ வாசனையும் மங்கிவிட்டால் பிறகு அந்த ரகத்தை எதற்காக வளர்ப்பது?

கால்சியம் கார்பனேட் சேர்த்தும் குறைக்கலாம். லிட்டருக்கு 0.67 கிராம் போட்டால் ஏறக்குறைய 1 கிராம் அமிலம் குறையும். இதில் ஒரு சிக்கல் உண்டு. அது பிடித்து வெளியேற்றுவது டார்டாரிக்கை. உங்களைத் தொந்தரவு செய்வதோ மாலிக். அளவு மீறினால் பி.எச். ஏறிவிடும், ஒயின் சப்பென்று ஆகும், பச்சைப் புளிப்பு மட்டும் போகாமல் நிற்கும். முடிந்தால் சாறாக இருக்கும்போதே, சிறு குடுவையில் சோதித்த பிறகு செய்யுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த வழி வேறு. நொதித்தலைக் கொஞ்சம் முன்னதாக நிறுத்தி, சில கிராம் சர்க்கரையை ஒயினிலேயே விட்டுவிடுவது. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, லிட்டருக்கு 9 கிராம் வரை சர்க்கரை உள்ள ஒயினைக்கூட ‘டிரை’ (இனிப்பில்லாதது) என்று விற்கலாம். அமில அளவு சர்க்கரையைவிட 2 கிராமுக்கு மேல் குறையாமல் இருந்தால் போதும். அமிலம் மிகுந்த ஒயினில் அந்த இனிப்பு நாக்கில் தெரியாது, புளிப்பின் முனை மட்டும் மழுங்கும். ஆனால் ஈஸ்டை நன்றாக வடிகட்டி நீக்காமல் பாட்டிலில் அடைத்துவிடாதீர்கள், உள்ளே மறுபடி நொதிக்கத் தொடங்கி பாட்டில் வெடிக்கும்.

இன்னொன்று. அமிலத்தைப் பகையாகவே பார்க்க வேண்டாம். பி.எச். 3.0 உள்ள வெள்ளை ஒயினை லிட்டருக்கு 13 மில்லிகிராம் தனிநிலை (எதோடும் பிணையாத) சல்ஃபர் டை ஆக்சைடு காத்துவிடும். பி.எச். 3.5 ஆனால் அதே பாதுகாப்புக்கு 40 மில்லிகிராம் வேண்டும். ரசாயனம் குறைவாகச் சேர்க்க ஆசைப்படுகிறவர்களுக்குக் குளிர்நிலம் தரும் பெரிய சலுகை இது.

கே: ஜெர்மனியின் மோசல் ஒயினில் ஸ்லேட் பாறையின் சுவையும் பிரான்ஸின் சாப்ளி ஒயினில் சுண்ணாம்பின் சுவையும் தெரிவதாகச் சொல்கிறார்களே, கொடி பாறையிலிருந்து சுவையை உறிஞ்சுகிறதா?

ப: இல்லை. வேர் எடுத்துக்கொள்வது நீரில் கரைந்த பொட்டாசியம், கால்சியம், மக்னீசியம் போன்ற அயனிகளை மட்டும்தான். ஒயினில் அவை இருக்கும் அளவுக்கு நாக்கில் பாறைச் சுவை ஏற்படாது. பாறைக்கு வாசனையும் கிடையாது. தீக்கல் உரசியதுபோல் சில ஒயின்களில் எழும் மணத்துக்குப் பெரும்பாலும் நொதித்தலின்போது உண்டாகும் கந்தகச் சேர்மங்களே காரணம். அமிலம் தூக்கலாகவும் பழ மணம் அடங்கியும் இருந்தால் ‘கனிமச் சுவை’ என்று எழுதிவிடுவது விமர்சகர்களின் வழக்கமாகிவிட்டது. எழுதட்டும், கேட்க அழகாகத்தான் இருக்கிறது.

அதற்காக மண்ணுக்கு வேலையே இல்லை என்று சொல்ல வரவில்லை. அது வேறு வழியாக வேலை செய்கிறது. மோசல் பள்ளத்தாக்கில் பிரெம் ஊருக்கு மேலே இருக்கும் கால்மான்ட் சரிவு சில இடங்களில் 65 டிகிரி வரை செங்குத்தானது. அவ்வளவு சாய்ந்த நிலத்தில்தான் வடக்கத்திய தாழ்ந்த சூரியனின் கதிர் நேராக விழும். கறுத்த ஸ்லேட் பகலில் சூட்டை வாங்கி வைத்து இரவில் கொடிக்குத் திருப்பித் தருகிறது. மழை நீர் தேங்காமல் இறங்கிவிடுகிறது. கீழே ஓடும் ஆறு குளிரைத் தணிக்கிறது. இவை எல்லாம் கூடுவதால்தான் அங்கே ரீஸ்லிங் அக்டோபர் வரை தாக்குப்பிடித்து மெல்ல மெல்லப் பழுக்கிறது. இந்த நீண்ட கனிவுக்காலம்தான் அந்த ஊரின் முத்திரை. பாறை அதற்கு இடம் கொடுக்கிறது, அவ்வளவே.

வானிலை நேராக மணத்தில் கைவைப்பதற்கு ரொட்டண்டோன் நல்ல சான்று. குறுமிளகின் மணத்துக்குக் காரணமான இந்தச் சேர்மம் ஷிராஸ் திராட்சையிலும் இருப்பதை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்டார்கள். குளிர்ந்த ஆண்டுகளிலும் குளிர்ந்த இடங்களிலும் அது கூடுதலாகச் சேர்கிறது. ஒரே தோட்டத்துக்குள்ளேயே வெயில் குறைந்த சரிவில் அதிகமாகவும் வெயில் அடிக்கும் பக்கத்தில் குறைவாகவும் இருக்கும். (ஐந்தில் ஒருவருக்கு இந்த வாசனையே தெரியாது. ‘மிளகு எங்கே?’ என்று நண்பர் கேட்டால் அவரோடு வாதாட வேண்டாம்.)

தன் இடத்தின் குணம் ஒயினில் தெரிய வேண்டும் என்று நினைக்கும் சிறு தோட்டக்காரர் பாறையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். எந்த மூலையில் எப்போது பழுக்கிறது என்று பார்த்து, அதைத் தனியாகப் பறித்து, தனிப் பாத்திரத்தில் நொதிக்கவிட்டு, புது ஓக் பீப்பாயின் வனிலா மணத்தை அதன்மேல் பூசாமல் இருந்தால் போதும். குளிர்நில ஒயின் மெல்லிய உடம்புக்காரன். கனமான சட்டை போட்டால் ஆள் தெரியாது.

கே: அறுவடை நாளை, சாற்றின் சர்க்கரையை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை வைத்து மட்டும் முடிவு செய்யலாமா?

ப: கூடாது. லிட்டருக்கு 17 கிராம் சர்க்கரைக்கு 1 சதவீத ஆல்கஹால் என்பது நல்ல கணக்கு, ஆனால் அது ஆல்கஹாலை மட்டுமே சொல்லும். பழத்தை வாயில் போடுங்கள். தோலை மெல்லும்போது துவர்ப்பு உலர்ந்து பிடிக்கிறதா, மென்மையாக இருக்கிறதா? விதை பச்சையிலிருந்து பழுப்புக்கு மாறிவிட்டதா? கேபர்னே, சாவின்யோன் பிளாங்க் போன்ற ரகங்களில் பச்சைக் குடைமிளகாய் வாசனை தரும் பைரசீன்கள் வெயில் பட்டால்தான் குறையும். ஆகவே பூத்து முடிந்து காய் பட்டாணி அளவு ஆனதுமே காலை வெயில் படும் பக்கத்துக் குலைகளைச் சுற்றி இலைகளைக் கிள்ளிவிடுங்கள். காற்றோட்டம் கிடைப்பதால் சாம்பல் பூஞ்சையும் குறையும். செப்டம்பரில் விழித்துக்கொண்டு இலை பறிப்பதால் பெரிய பயன் இல்லை.

பூத்ததிலிருந்து ஏறக்குறைய 100 நாள் என்ற பழைய கணக்கைக் குறித்து வைத்துக்கொண்டு அதையொட்டி வானிலை அறிக்கையைக் கவனியுங்கள். தொடர்மழை வருகிறது என்றால் அரை சதவீத ஆல்கஹாலுக்காகக் காத்திருந்து அழுகிய குலையைப் பறிப்பதைவிட, சுத்தமான பழத்தைக் கொஞ்சம் முன்னதாகப் பறிப்பது மேல்.

கே: தளிர் விட்ட பிறகு வரும் உறைபனிக்கு என்ன செய்வது?

ப: முதல் தற்காப்பு கவாத்து. கவாத்தைத் தாமதித்தால் மொட்டு விரிவதும் சில நாள் தள்ளிப்போகும். தளிர்கள் பூச்சியத்துக்குக் கீழே ஓரிரு டிகிரியிலேயே கருகிவிடும் என்பதால் அந்தச் சில நாட்கள் பெரிது. குளிர்காற்று கனமானது, பள்ளத்தில் போய்த் தேங்கும். ஆகையால் புதிதாக நடுகிறவர்கள் சரிவின் அடிவாரத்தை விட்டுவிட வேண்டும்.

சாப்ளியில் இரவெல்லாம் பெரிய மெழுகுப் பானைகளை ஏற்றி வைக்கிறார்கள், கொடிமேல் தண்ணீரும் தெளிக்கிறார்கள். நீர் உறையும்போது வெளிவிடும் வெப்பம் தளிரைக் காக்கிறது. தெளிக்க ஆரம்பித்தால் காலையில் பனிக்கட்டி உருகும்வரை நிறுத்தக் கூடாது. பாதியில் தண்ணீர் தீர்ந்தால், தெளிக்காமல் இருந்ததைவிட மோசம்.

கே: சாற்றில் சர்க்கரை சேர்ப்பது மோசடி இல்லையா?

ப: சட்டம் அனுமதிக்கும் இடத்தில் மோசடி இல்லை. பிரெஞ்சு வேதியியலாளர் ஷப்தால் 1801இல் எழுதிப் பரப்பிய முறை அது. அவர் பெயராலேயே அழைக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் குளிர்ந்த வடபகுதிகளுக்கு அதிகமாகவும் வெப்பப் பகுதிகளுக்குக் குறைவாகவும் அனுமதிக்கிறது. இத்தாலியில் கரும்பு, பீட்ரூட் சர்க்கரை கூடவே கூடாது, செறிவாக்கிய திராட்சைச் சாறு மட்டும்தான். ஜெர்மனியில் பிராடிகாட் என்ற உயர்தர வகை ஒயின்களில் அதுவும் தடை. என் கருத்து: 1 சதவீதம் உயர்த்தினால் ஒயின் நிமிர்ந்து நிற்கும். 3 சதவீதம் உயர்த்தினால் தொண்டையில் எரிச்சலும் நடுவில் வெறுமையும்தான் மிஞ்சும். அவ்வளவு தேவைப்படும் ஆண்டில் ஸ்பார்க்லிங் (நுரைக்கும்) ஒயின் செய்துவிடுங்கள். அதற்கு 10, 11 சதவீதமும் கூர்மையான அமிலமும்தான் வேண்டும். பாட்டிலுக்குள் லிட்டருக்கு 24 கிராம் சர்க்கரையோடு இரண்டாவது முறை நொதிக்கவிட்டால் ஏறக்குறைய 6 வளிமண்டல அழுத்தம் வரும். தடித்த பாட்டில் அவசியம்.

கே: பாட்டிலின் அடியில் கண்ணாடித் தூள் மாதிரி ஏதோ இருக்கிறது. குடிக்கலாமா?

ப: தாராளமாக. அது பொட்டாசியம் பைடார்ட்ரேட், குளிரில் படிந்த படிகம். விற்பனைக்குச் செய்கிறவர்கள் −4 டிகிரி அளவில் ஓரிரு வாரம் ஒயினை வைத்து முன்கூட்டியே படிய வைத்துவிடுவார்கள்.

கே: பூமி சூடாகிக்கொண்டே போனால் குளிர்நில ஒயின் என்று ஒன்று மிஞ்சுமா?

ப: இடம் மாறும். பர்கண்டியின் போன் நகரில் 1354 முதல் அறுவடைத் தேதிகள் பதிவாகியிருக்கின்றன. அவற்றைத் தொகுத்து 2019இல் வந்த ஆய்வின்படி, 1988க்குப் பிறகு அறுவடை முன்பைவிடச் சராசரியாக 13 நாள் முந்திவிட்டது. ஐஸ் ஒயினுக்கு ஜெர்மனியில் −7 டிகிரியில் கொடியிலேயே உறைந்த பழம் வேண்டும். 2019 பருவத்தில் நாடு முழுவதும் அந்தக் குளிர் கிடைக்கவில்லை. மறுபக்கம், தெற்கு இங்கிலாந்தில் ஸ்பார்க்லிங் ஒயின் நிலைத்த தொழிலாகியிருக்கிறது.

சிறு தோட்டக்காரர் இப்போது நடும் கொடி முப்பது ஆண்டு நிற்கும். ஆகவே இன்றைய வானிலைக்குக் கொஞ்சம் தாமதமாகப் பழுப்பதாகத் தோன்றும் ரகத்தையும் ஒரு வரிசை நட்டு வையுங்கள். பூஞ்சையைத் தாங்கும் கலப்பு ரகங்களை இழிவாகப் பார்க்க வேண்டாம். ஃப்ரைபர்க்கில் உருவான சோலாரிஸ் சீக்கிரம் பழுக்கும், மருந்து தெளிப்பும் குறையும். பினோ நுவார் என்ற சிவப்பு ரகம்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறவர்கள் ஒரே குளோனை (ஒரே தாய்க்கொடியிலிருந்து பெருக்கிய வகையை) நடாமல் மூன்று, நான்கைக் கலந்து நடட்டும். அதன் தோல் மெல்லியது, குலையும் நெருக்கமானது. குலை கொஞ்சம் தளர்வாக வரும் குளோன்களைக் கேட்டு வாங்கினால் மழை ஆண்டில் அழுகல் குறையும்.