ஓய்வுக்குப் பின் பதவிப் பெயர்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

எங்கள் வாசிப்பு வட்டத்தின் ஆண்டு விழாவில், காவல்துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற மூவர் தங்கள் பணி அனுபவங்களைப் பற்றிப் பேச இசைந்திருக்கிறார்கள். ஒருவர் டி.ஐ.ஜி.யாக ஓய்வுபெற்ற ஐ.பி.எஸ். அதிகாரி, இன்னொருவர் ஆய்வாளராக இருந்த பெண்மணி, மூன்றாமவர் தலைமைக் காவலர். அழைப்பிதழின் முதல் வரைவில் முதலாமவரின் பெயருக்கு முன்னால் மட்டும் ‘டி.ஐ.ஜி.’ என்று போட்டு, மற்ற இருவரையும் வெறும் பெயரோடு விட்டுவிட்டோம். குழுவில் வாக்குவாதம் எழுந்தது. சீருடையைக் கழற்றியவருக்குப் பதவிப் பெயர் கிடையாது என்கிறார் ஒருவர். கர்னலும் மேஜரும் கடைசி வரை கர்னலாகவும் மேஜராகவும்தானே இருக்கிறார்கள், காவல்துறைக்கு மட்டும் என்ன குறை என்கிறார் மற்றொருவர். டி.ஐ.ஜி.யாக இருந்தவர் அப்படி அழைக்கப்படுவதை விரும்புகிறார். ஆய்வாளராக இருந்தவர் பெயர் போதும் என்கிறார். தலைமைக் காவலர் எதுவும் சொல்லவில்லை. எழுத்திலும் மேடையிலும் இவர்களை எப்படிக் குறிப்பிடுவது முறை?

பெயர் வெளியிட விரும்பாத ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் குழுவில் வாதிட்ட இருவரும் வெவ்வேறு கேள்விகளுக்கு விடை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். முதலாமவர் பேசுவது உரிமையைப் பற்றி. ஓய்வுபெற்றவர் தன் பதவிப் பெயரைக் கேட்டுப் பெற முடியுமா என்பது அவருடைய கேள்வி. இரண்டாமவர் பேசுவது மரியாதையைப் பற்றி; நாமாக அதை அவருக்குத் தரலாமா என்பது அவருடைய கேள்வி. இரண்டையும் பிரித்துவிட்டால் உங்கள் அழைப்பிதழின் சிக்கல் பெருமளவு தீர்ந்துவிடும்.

முதலில் படைத்துறையோடு ஒப்பிடும் வாதத்தைப் பார்ப்போம். படை அதிகாரிக்கு நாட்டின் தலைவர் பெயரால் ஓர் ஆணை வழங்கப்படுகிறது. அந்த ஆணையோடு வரும் பதவிநிலை அவருடைய தனிப்பட்ட சிறப்பாகக் கருதப்படுவதால், ஓய்வுக்குப் பின்னும் அதைப் பெயரோடு சேர்த்து எழுதும் வழக்கம் முறையாக ஏற்கப்பட்டிருக்கிறது. இந்திய அரசியலமைப்பின் 18-ஆவது பிரிவு, அரசு யாருக்கும் பட்டங்கள் வழங்கக் கூடாது என்று தடுக்கும்போது, படைத்துறைச் சிறப்புகளுக்கும் கல்விச் சிறப்புகளுக்கும் மட்டுமே விலக்கு அளிக்கிறது. காவல் பதவிகள் இந்த வரிசையில் வருவதில்லை. இதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அந்தப் பதவிகள் பிறந்த விதமே வேறு. 1829-இல் லண்டன் பெருநகரக் காவல்படையை ராபர்ட் பீல் உருவாக்கியபோது, மக்கள் அதை இன்னொரு ராணுவம் என்று அஞ்சிவிடக் கூடாது என்பதில் மிகுந்த கவனம் இருந்தது. ராணுவத்தின் சிவப்புச் சீருடைக்குப் பதிலாக நீலம் தேர்ந்தெடுக்கப்பட்டது. இன்ஸ்பெக்டர், சூப்பிரண்டெண்ட் என்று குடிமை நிர்வாகத்தின் பெயர்கள் வைக்கப்பட்டன. சார்ஜன்ட் என்பது மட்டுமே படைத்துறையின் பெயராக உள்ளே வந்தது. 1861-ஆம் ஆண்டின் இந்தியக் காவல் சட்டத்திலும் இன்ஸ்பெக்டர் ஜெனரல், மாவட்ட சூப்பிரண்டெண்ட் என்று பொறுப்பைக் குறிக்கும் பெயர்களையே காண்கிறோம். ஆகவே காவல் பதவிப் பெயர் தொடக்கத்திலிருந்தே ஒரு பொறுப்பின் பெயர். கைது செய்யவும் சோதனையிடவும் விசாரிக்கவும் அந்தப் பொறுப்பு தரும் அதிகாரம் முழுவதும் பணி முடியும் நாளில் முடிந்துவிடுகிறது. உரிமை என்ற அளவில் உங்கள் முதல் நண்பர் சொல்வதே சரி.

ஆனால் உரிமை இல்லை என்பதற்காக மரியாதையையும் மறுத்துவிட வேண்டும் என்று ஆகாது. அதிகாரம் போய்விட்டாலும், முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒருவர் இரவிலும் பண்டிகை நாளிலும் ஆற்றிய பணி நடந்த ஒன்றாகவே நிற்கிறது. அதை நடந்ததாகவே சொல்வதில் எந்தப் பொய்யும் இல்லை. சில நாடுகள் இந்த மரியாதையைச் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கின்றன. ஜெர்மனியில் ஓய்வுபெற்ற அரசு அலுவலர், காவல்துறையினர் உட்பட, தம் கடைசிப் பதவிப் பெயரை, பணியில் இல்லை என்பதைக் குறிக்கும் இரண்டெழுத்துச் சுருக்கத்தைச் சேர்த்துப் பயன்படுத்த அனுமதி உண்டு. பிரான்சில் 20 ஆண்டுகளாவது பொதுப்பணியில் இருந்து ஓய்வுபெற்றவர், தம் பதவிப் பெயரோடு ‘மதிப்புறு’ என்ற அடையைச் சேர்த்துக்கொள்ளலாம். தகுந்த காரணம் காட்டி நிர்வாகம் அதை மறுக்கவும் முடியும். அமெரிக்காவில் காவல்துறைகள் ஊர் ஊராகத் தனித்தனியே இயங்குவதால் எல்லோருக்கும் பொதுவான விதி இல்லை. ஜெர்மன் விதியிலும் பிரெஞ்சு விதியிலும் ஒரு பொதுவான நேர்மை இருக்கிறது: பதவிப் பெயர் தொடரலாம், ஆனால் அது இன்று கையில் இல்லை என்பது கூடவே சொல்லப்பட வேண்டும்.

இதைத்தான் எழுத்துக்கான முதல் விதியாக நானும் சொல்வேன். அழைப்பிதழ், நூலின் பின்னட்டை, செய்திக் குறிப்பு, பெயர்ப்பலகை என்று அந்த மனிதரை நேரில் அறியாதவர் படிக்கக்கூடிய எதிலும் ‘ஓய்வு’ என்பது விடுபடக் கூடாது. ‘ஓய்வுபெற்ற காவல் ஆய்வாளர் திருமதி இன்னார்’ என்றும் எழுதலாம். ‘திருமதி இன்னார், காவல் ஆய்வாளர் (ஓய்வு)’ என்றும் எழுதலாம். இரண்டில் முதலாவதையே நான் விரும்புகிறேன், ஏனெனில் அடைப்புக்குறிக்குள் இருப்பதைக் கண் தாண்டிப் போய்விடுகிறது, அச்சில் இடம் பற்றாதபோது முதலில் வெட்டப்படுவதும் அதுதான். ‘டி.ஐ.ஜி.’ என்று மட்டும் போட்டிருக்கும் உங்கள் வரைவைப் பார்க்கும் ஒருவர், பணியிலுள்ள அதிகாரி ஒருவர் வருகிறார் என்றே நினைப்பார். அது உங்கள் விருந்தினருக்கும் நல்லதில்லை. இல்லாத அரசுப் பதவியை இருப்பதாகக் காட்டி, அந்தப் போர்வையில் ஒரு செயலைச் செய்வதும் செய்ய முயல்வதும் இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 204-ஆவது பிரிவின்படி குற்றம். பழைய தண்டனைச் சட்டத்தில் இது 170-ஆவது பிரிவாக இருந்தது. விழா அழைப்பிதழில் நேரும் ஒரு விடுபடல் அந்த அளவுக்குப் போகாது. ஆனாலும் பணிக்காலம் முழுவதும் சட்டத்தின் பக்கம் நின்றவரை அந்தச் சந்தேகத்தின் அருகில்கூட நாம் கொண்டுபோய் நிறுத்தக் கூடாது.

பதவிநிலையையும் வகித்த பொறுப்பையும் குழப்பிக்கொள்ளாதிருப்பது அடுத்தது. டி.ஐ.ஜி., ஐ.ஜி., டி.ஜி.பி. போன்றவை பதவிநிலைகள், ஒரே காலத்தில் பலர் அந்த நிலையில் இருப்பார்கள். ஒரு மாநகரின் காவல் ஆணையர் என்பது ஒரு நாற்காலி. அதில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் அமர முடியும். அந்த நாற்காலியில் இப்போது வேறொருவர் இருக்கும்போது, முன்பு இருந்தவரை ‘ஆணையர் அவர்களே’ என்று மேடையில் அழைப்பது இன்றைய ஆணையருக்கும் சங்கடம், கேட்பவர்களுக்கும் குழப்பம். ஆகவே பதவிநிலையை ‘ஓய்வுபெற்ற’ என்றும், வகித்த பொறுப்பை ‘முன்னாள்’ என்றும் குறிப்பிடுவது தெளிவு. பணியை இடையில் விட்டு விலகியவருக்கும் ‘முன்னாள்’ என்பதே பொருந்தும். ஓய்வுபெறாதவரை ஓய்வுபெற்றவர் என்று எழுதுவது தகவல் பிழை. ஐ.பி.எஸ். என்பது பதவிநிலையும் கிடையாது, பட்டமும் கிடையாது. அரசியலமைப்பின் 312-ஆவது பிரிவு குறிப்பிடும் அகில இந்தியப் பணிகளில் ஒன்றின் பெயர் அது. பெயருக்குப் பின்னால் ‘ஐ.பி.எஸ். (ஓய்வு)’ என்று எழுதலாம். பதவிநிலையும் அருகிலேயே வருமானால் ‘ஓய்வு’ என்பதை இரண்டு முறை எழுதத் தேவையில்லை.

பேச்சில் இவ்வளவு கறார் வேண்டாம். அறிமுகப்படுத்தும்போது ஒரு முறை முழுமையாகச் சொல்லிவிட்டால், அதன் பின் உரையாடலில் ‘டி.ஐ.ஜி. சார்’ என்று அழைப்பதால் யாரும் ஏமாறப்போவதில்லை. அவர் யார் என்பது அரங்கில் இருப்பவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். அவருக்குக் கீழே பணியாற்றியவர்கள் இன்றும் அப்படித்தான் அழைப்பார்கள், அது அவர்களுக்கிடையே உள்ள உறவு. அவர் அதை விரும்புகிறார் என்பதைத் தற்பெருமை என்று உங்கள் குழுவினர் எண்ணிவிட வேண்டாம். பல ஆண்டுகள் ஒரு பெயரால் அழைக்கப்பட்டவருக்கு, அந்தப் பெயர் ஒரே நாளில் உதிர்ந்துவிடுவது சிறிய இழப்பில்லை. விருந்தினர் மகிழும்படி அழைப்பதுதான் விருந்தோம்புபவரின் கடமை.

ஆனால் பேச்சிலும் பதவிப் பெயரைத் தவிர்க்க வேண்டிய இடங்கள் உண்டு, அவற்றில் நான் உறுதியாகவே இருப்பேன். சொத்துத் தகராறிலோ குடியிருப்போர் சங்கச் சண்டையிலோ ஒரு தரப்பாக அவர் நிற்கும்போது, அவரை ‘டி.ஐ.ஜி.’ என்று குறிப்பிட்டுப் பேசுவது எதிர்த்தரப்பை அச்சுறுத்தும் செயலாகிவிடும். காவல் நிலையத்தில் கொடுக்கும் மனுவிலும் பரிந்துரைக் கடிதத்திலும் பழைய பதவியைப் பெயருக்கு மேல் ஏற்றி வைப்பதும் இத்தகையதே. அவ்விடங்களில் அந்தப் பெயர் மரியாதையாக வேலை செய்வதில்லை, அதிகாரமாக வேலை செய்கிறது. அந்த அதிகாரமோ அவரிடம் இல்லை. விசாரணையில் இருக்கும் வழக்கைப் பற்றி அவர் கருத்துச் சொல்லும்போதும், அது துறையின் நிலைப்பாடாகத் தொனிக்காதபடி ‘ஓய்வுபெற்ற’ என்ற சொல் ஒவ்வொரு முறையும் கூடவே வர வேண்டும்.

உங்கள் கடிதத்தில் என்னை வருத்திய பகுதி தலைமைக் காவலரைப் பற்றியது. டி.ஐ.ஜி.க்குப் பதவி போட வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றியிருக்கிறது. ஏட்டுக்கு வெறும் பெயர் போதும் என்றும் தோன்றியிருக்கிறது. இது உங்கள் குழுவின் தவறு மட்டுமில்லை, நம் சமூகம் முழுவதும் இப்படித்தான் பழகியிருக்கிறது. உயர் அதிகாரியின் பதவி அவருடைய பெயரின் பகுதியாகவே கடைசி வரை நிலைக்கிறது. தெருவில் நின்று போக்குவரத்தைச் சீர்செய்தவர், அனாதைப் பிணத்துக்குக் காவல் இருந்தவர், கைதிக்கு வழிக்காவலாக நீதிமன்றத்துக்கும் சிறைக்கும் நடந்தவர் ஓய்வுபெற்ற மறுநாளே பதவியற்றவராகிறார். மரியாதை என்பது பணிக்குத் தரப்படுவதானால், படிநிலையில் எங்கே இருந்தார் என்பது அதை நிறுத்தவோ தொடரவோ காரணமாக முடியாது. இங்கிலாந்தின் சட்டத்தில் மிக உயர்ந்த காவல் அதிகாரியும் ஏற்றிருப்பது கான்ஸ்டபிள் என்ற அடிப்படைப் பொறுப்பைத்தான். மற்றவை அதன் மேல் அடுக்கப்பட்ட படிநிலைகள். கீழே நிற்பவரின் பதவிதான் அந்தத் துறையின் அடித்தளம் என்பதை அந்தச் சட்டம் தெளிவாகவே ஏற்றுக்கொள்கிறது.

எனவே மூவருக்கும் ஒரே அமைப்பில், ஒரே எழுத்தளவில், பதவிப் பெயரைப் போடுங்கள், அல்லது மூவருக்கும் போடாதீர்கள். அவர் கடைசியாக வகித்த பதவி எது என்பதை அவரிடமே கேட்டுக்கொள்வதும் முக்கியம். தமிழ்நாட்டில் நீண்ட பணிக்காலத்தை நிறைவு செய்யும் தலைமைக் காவலர்கள் சிறப்பு உதவி ஆய்வாளர் நிலைக்கு உயர்த்தப்படுகிறார்கள். தெரு மக்கள் பழக்கத்தால் அவர்களையும் ‘ஏட்டு’ என்றே சொல்லிக்கொண்டிருப்பார்கள். உங்கள் விருந்தினரும் அப்படி உயர்ந்தவராக இருந்தால், அழைப்பிதழில் தலைமைக் காவலர் என்று போடுவது அவர் உழைத்துப் பெற்ற ஒன்றைக் குறைத்துவிடும். அவர் எதுவும் சொல்லாமல் இருப்பதை அவருக்கு விருப்பம் இல்லை என்று பொருள்கொள்ள வேண்டாம். மேலதிகாரியோடு ஒரே மேடையில் அமரப்போகிறவர் தன்னைப் பற்றித் தானாக வாய் திறக்க மாட்டார். பணிக்காலம் அவருக்குக் கற்பித்த ஒழுங்கு அது.

ஆய்வாளராக இருந்தவர் பெயர் போதும் என்று சொன்னால், அதோடு விட்டுவிடுங்கள். அடக்கத்தால் சொல்கிறார் என்று நினைத்து வற்புறுத்துவது சரியில்லை. தாம் விசாரித்த வழக்குகளின் காரணமாகத் தம் பழைய பணி வெளியே தெரிய வேண்டாம் என்று எண்ணுபவர்கள் உண்டு; அந்தக் காலத்தை முடித்துவிட்டு வேறு வாழ்க்கையைத் தொடங்கியவர்களும் உண்டு. காரணம் கேட்காமல் ஏற்றுக்கொள்ள வேண்டிய விருப்பம் இது. ஆனால் உங்கள் விழாவில் அவர் தம் பணியைப் பற்றியே பேசப்போவதால், எந்த அளவுக்கு அறிமுகம் செய்யலாம் என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அவருக்குப் பதவி போடாதபோது மற்ற இருவரின் பெயருக்கு முன்னாலும் அதைத் தவிர்த்துவிட்டு, பெயருக்குக் கீழே சிறிய குறிப்பாக ‘காவல்துறையில் டி.ஐ.ஜி.யாகப் பணியாற்றி ஓய்வுபெற்றவர்’ என்பது போல எழுதினால், அவருடைய குறிப்பு மட்டும் ‘காவல்துறையில் பணியாற்றி ஓய்வுபெற்றவர்’ என்று சுருக்கமாக இருப்பது யார் கண்ணையும் உறுத்தாது. மூன்று பெயர்களும் ‘திரு’, ‘திருமதி’ என்று சமமாகத் தொடங்கும், டி.ஐ.ஜி.யாக இருந்தவரின் விருப்பத்தை மேடையில் நேரில் அழைக்கும்போது நிறைவேற்றிவிடலாம்.

வரைவு தயாரானதும் அச்சகத்துக்கு அனுப்புமுன் மூவருக்கும் தனித்தனியே காட்டி ஒப்புதல் பெறுங்கள். தலைமைக் காவலரிடம் மட்டும் தொலைபேசியில் கேட்காமல் யாராவது ஒருவர் நேரில் போய்வருவது நல்லது. அவர் அங்கேதான் திருத்தம் சொல்வார்.

அன்புடன்.