எலும்புகளும் அளவுகோலும்

ஐயா,

தாராவியிலிருந்து எழுதுகிறேன். இங்கே ஒரு ஜெபக்கூட்டத்தில் வேதாகமத்தில் எசேக்கியேல் புத்தகத்தின் 37-ஆம் அதிகாரத்தை வைத்துப் பேசினார்கள். தீர்க்கதரிசி உலர்ந்த எலும்புகளிடம் பேசினார், அவை எழுந்தன. நீங்களும் வேண்டியதை மனத்தில் கண்டு வாயால் சொன்னால் கிடைக்கும், இதற்கு மேனிஃபெஸ்டேஷன் என்று பெயர் என்றார்கள். மும்பையின் முலுண்டு பகுதியில் ஃபிளாட் ஒன்றின் படத்தை அலமாரிக் கதவில் ஒட்டி இரண்டு வருடமாகிறது. போன மாதம் இருந்த வேலையும் போய்விட்டது. உன் கற்பனையில் சந்தேகம் கலந்துவிட்டது என்கிறார்கள். உண்மையா?

மெர்சி

அன்புள்ள மெர்சி,

உண்மையில்லை. வேலை இழந்து நிற்பவர் தலையில் இந்தப் பழியையும் ஏற்றுகிறார்களே என்று ஆத்திரமாக வருகிறது.

இந்த வாசிப்பு பழையது. பார்படாஸில் பிறந்து அமெரிக்காவில் பேசிய நெவில் கோடார்ட் (1905–1972) வேதாகமத்தையே மனத்தின் நாடகமாக வாசித்தவர். ஆனால் அதிகாரத்தை நீங்களே நிதானமாகப் படியுங்கள். ‘இந்த எலும்புகள் உயிரடையுமா’ என்று கடவுள் கேட்ட கேள்விக்கு எசேக்கியேல் அடித்துப் பதில் சொல்லவில்லை; ‘தேவரீர் அதை அறிவீர்’ என்கிறார். அவர் பேசியதும் எலும்புகள் சேர்ந்தன, நரம்பும் சதையும் தோலும் வந்தன. மூச்சு மட்டும் இல்லை. அது நான்கு திசைக் காற்றிலிருந்து வர வேண்டியிருந்தது. அந்த எலும்புகள் யார்? ‘எங்கள் நம்பிக்கை அற்றுப்போயிற்று’ என்று புலம்பிய, பாபிலோன் சிறையிருப்பில் இருந்த இஸ்ரவேல் ஜனம். நம்பிக்கை அற்றவர்களுக்காகவே வந்த தரிசனம் அது!

கற்பனைக்குப் பாடம் வேண்டுமென்றால் 40-ஆம் அதிகாரத்துக்குப் போங்கள். கி.மு. 597-இல் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்ட ஆசாரியரான எசேக்கியேல், எருசலேம் விழுந்த 14-ஆம் வருடத்தில் ஒரு புதிய ஆலயத்தைக் காண்கிறார். உடனே அளவுகோல் வந்துவிடுகிறது, ஆறு முழக் கோல். வாசற்படி ஒரு கோல் அகலம், அறை ஒரு கோலுக்கு ஒரு கோல் என்று பக்கம் பக்கமாக அளவுகள். கி.மு. 515-இல் முடிந்த இரண்டாம் ஆலயம் அந்த அளவுப்படி எழவில்லை.

என் அப்பா 90 அடிச் சாலைக்குப் பின்னால், பத்துக்குப் பத்து அறையில் தையல் வேலை செய்தவர். இரவு கடைசித் துணியை மடித்து வைத்ததும், டேப்பால் அளந்து, ஊரில் கட்டப்போகும் வீட்டைத் துணிக்குக் கோடு போடும் சாக்கட்டியால் தரையில் வரைவார். அடுக்களைக்கு ஜன்னல் போதாது, புகை எப்படிப் போகும் என்பார் அம்மா. கையால் அழித்துவிட்டு மறுபடி போடுவார். காலையில் எங்கள் பாயெல்லாம் வெள்ளைத் தூசியாக இருக்கும். அந்த வீடு எழும்பவே இல்லை. ஆனால் அளந்து பழகிய கண், கதவுக்கு மேலே ஐந்தடிக்கு இரண்டடி இடம் சும்மா கிடப்பதை ஒருநாள் பிடித்தது. பலகை அடித்துப் பரணாக்கினார். பத்தாம் வகுப்பு வரை நான் படித்தது அந்தப் பரணில்தான்.

படத்தைக் கிழிக்காதீர்கள். ஆனால் அது யாரோ எடுத்த படம். அந்த வீட்டில் யார் எங்கே படுப்பார்கள், தண்ணீரை எங்கே பிடித்து வைப்பீர்கள் என்று அளவோடு ஒரு தாளில் நீங்களே வரையுங்கள். என்ன வேலை தெரியும் என்பதையும் எழுதி அனுப்புங்கள். மாட்டுங்காவில் எனக்குத் தெரிந்த நாலு பேரிடம் கேட்கிறேன்.