வானிலைத் தரவு பாதிதான் இருக்கிறது, ஈ.டி. கணக்கு எப்படிப் போடுவது? (கேள்வி பதில்)

மண்ணிலிருந்து ஆவியாகும் நீர், பயிர் இலை வழியாக விடும் நீர், இரண்டும் சேர்ந்ததுதான் ஈ.டி. இதைக் கணக்கிட, ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 1998-இல் வெளியிட்ட 56-ஆம் கையேட்டில் உள்ள பென்மன்-மான்டீத் சமன்பாட்டைத்தான் உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். 12 செ.மீ. உயரத்தில், தண்ணீர்க் குறைவில்லாமல் வளரும் புல்தரைக்கு ஒரு நாளில் எவ்வளவு நீர் போகும் என்று அது சொல்லும். அதைப் பயிருக்கான கெழுவால் பெருக்கினால் நம் பயிரின் தேவை வரும். வெப்பநிலை, ஈரப்பதம், காற்று, சூரியக் கதிர்வீச்சு என நான்கு அளவீடுகள் வேண்டும். நான்கும் விட்டுப்போகாமல் கிடைக்கும் நிலையம் அபூர்வம். அதனால்தான் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை இதைப் பற்றியே இருந்தன.

கோபிச்செட்டிபாளையத்திலிருந்து ஒரு வாழை விவசாயி: சார், என்னிடம் இருப்பது அதிகபட்சம், குறைந்தபட்சம் காட்டும் வெப்பமானி ஒன்றுதான். அதை வைத்து சொட்டுநீருக்குக் கணக்குப் போட முடியுமா?

முடியும். ஹார்கிரீவ்ஸ் சமன்பாடு இதற்காகவே இருக்கிறது. சராசரி வெப்பநிலையோடு 17.8 கூட்டுங்கள். பகல் உச்சத்துக்கும் இரவுக் குறைவுக்கும் உள்ள வித்தியாசத்தின் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள். அப்புறம் 0.0023-ஆலும், காற்றுமண்டலத்துக்கு மேலே வந்து விழும் கதிர்வீச்சாலும் பெருக்குங்கள். இந்தக் கடைசி எண்ணுக்குக் கருவி எதுவும் வேண்டாம். அட்சரேகையும் தேதியும் தெரிந்தால் போதும், வருடா வருடம் அதே எண்தான். உங்கள் ஊர்ப் பக்கம், 11 பாகை வடக்கில், ஏப்ரல் நடுவில் அது சதுர மீட்டருக்குச் சுமார் 38 மெகாஜூல். அந்த ஆற்றல் எத்தனை மி.மீ. நீரை ஆவியாக்கும் என்று பார்க்க 0.408-ஆல் பெருக்கினால் 15.5 மி.மீ.

பகலில் 36, இரவில் 24 பாகை என்று வைத்துக்கொள்வோம். சராசரி 30, வித்தியாசம் 12. 0.0023 × 47.8 × 3.46 × 15.5, ஆக 5.9 மி.மீ. குலை தள்ளும் பருவத்து வாழைக்குக் கெழு 1.1 என்று எடுத்தால் 6.5 மி.மீ. 1.8 மீட்டருக்கு 1.8 மீட்டர் இடைவெளியில் நட்டிருந்தால் ஒரு மரத்தின் பங்கு 3.24 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 1 மி.மீ. என்றால் 1 லிட்டர், அதாவது மரத்துக்கு நாளொன்றுக்கு 21 லிட்டர். சொட்டுநீரில் வீணாவதையும் சேர்த்து 23 லிட்டர் விடுங்கள்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். வெப்பமானியை எங்கே மாட்டியிருக்கிறீர்கள்? மோட்டார் ரூமின் தகரக் கூரைக்குக் கீழே மாட்டியதை நிறையப் பார்த்திருக்கிறேன். அங்கே அதே நாளில் 40 காட்டினால் கணக்கு 7.1 மி.மீ. ஆகிவிடும். மரத்துக்கு நாலு லிட்டருக்கு மேல் கூடுதலாகத் தண்ணீர் விடுவீர்கள். நிழலில், காற்றோட்டமாக, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில், சுவரில் ஒட்டாமல் இருக்கட்டும்.

பல்லடத்திலிருந்து: ஐயா, எங்கள் நிலையத்தில் காற்றுமானி ஓராண்டாக ஓடவில்லை. காற்றுக்கு 2 என்று போட்டுவிடு, போதும் என்கிறார்கள். சரியா?

வினாடிக்கு 2 மீட்டர் என்பது உலகம் முழுக்க 2,000-க்கும் மேற்பட்ட நிலையங்களின் சராசரி. எதுவுமே தெரியாதபோது போடச் சொன்ன எண். உங்கள் ஊரில் சில மாதங்களுக்கு அது ஒத்துப்போகலாம். ஆனால் பல்லடம், உடுமலை எல்லாம் பாலக்காட்டுக் கணவாயின் வாய்க்கு நேரே இருக்கிற ஊர்கள். தென்மேற்குப் பருவக்காற்று அங்கே புகுந்து வரும் மாதங்களில் 2 என்று போடுவது தவறு. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்?

எவ்வளவு தவறு என்று பாருங்கள். மேலே சொன்ன அதே நாள், பனிநிலை (காற்றின் ஈரம் பனியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 21 பாகை, கதிர்வீச்சும் அதேதான். காற்றை மட்டும் மாற்றுகிறேன். வினாடிக்கு 1 மீட்டர் என்றால் பென்மன்-மான்டீத் 5.1 மி.மீ. சொல்கிறது. 2 என்றால் 5.8. 4 என்றால் 7.1. ஹார்கிரீவ்ஸோ மூன்றுக்கும் 5.9 என்றே சொல்லும், அதற்குக் காற்று என்று ஒன்று இருப்பதே தெரியாது. ஆடியில் வெயில் இவ்வளவு இருக்காது, எண்கள் குறையும். ஆனாலும் காற்றின் பங்கு இதே மாதிரிதான் ஏறும்.

அதனால் காற்றுக்கு வருடம் முழுக்க ஒரே எண் வேண்டாம், மாதத்துக்கு ஒன்று வையுங்கள். பக்கத்தில் ஓடுகிற நிலையத்தின் மாதச் சராசரியை வாங்குங்கள். உங்கள் காற்றுமானி ஓடிய காலத்துப் பழைய பதிவு இருந்தால், இரண்டுக்கும் உள்ள விகிதத்தையும் கண்டுபிடியுங்கள். விமான நிலையத் தரவு என்றால் 10 மீட்டர் உயரத்தில் அளந்ததாக இருக்கும், 0.75-ஆல் பெருக்கி 2 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். மணிக்குக் கிலோமீட்டரில் இருந்தால் 3.6-ஆல் வகுக்க மறக்காதீர்கள். காற்றாலைக் கோபுரத்தின் அளவை அப்படியே எடுக்க வேண்டாம், அது வேறு உயரம், வேறு காற்று.

இன்னொன்று. "ஓடவில்லை" என்றால் கோப்பில் என்ன பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். ஒருமுறை ஜூலை மாதத் தரவில் பதினோரு நாள் தொடர்ந்து 0.0 இருந்தது. நேரில் போய்க் கம்பத்தில் ஏறினேன். கிண்ணங்கள் சுழலும் அச்சுக்கு அடியில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. விரல் நுனியால் தட்டியதும் கூடு உதிர்ந்தது, கிண்ணங்கள் சுற்ற ஆரம்பித்துவிட்டன. அந்தப் பதினோரு நாளும் காற்றில்லாத நாட்களாகவே ஈ.டி. கணக்கில் சேர்ந்திருந்தன. கோப்பில் வெற்றிடம் இருந்தால் கண்ணில் படும். சுழியம் இருந்தால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

ஒரு வேளாண் மாணவி: ஈரப்பத உணரி பழுது. பனிநிலைக்குக் குறைந்தபட்ச வெப்பநிலையையே போடலாம் என்று படித்தேன். எப்போதும் பொருந்துமா, சார்?

எப்போதும் பொருந்தாது. விடியற்காலையில் காற்று குளிர்ந்து, கிட்டத்தட்ட முழு ஈரத்தை எட்டும் என்ற அனுமானத்தில் சொன்னது அது. மார்கழியில் காலை ஆறு மணிக்கு வரப்பில் செருப்பில்லாமல் நடந்து பாருங்கள். புல்நுனியெல்லாம் பனி, கால் நனையும். அந்த நாட்களில் அனுமானம் சரி. சித்திரையில் அதே வரப்பு காய்ந்து சொரசொரவென்று இருக்கும். அப்போது குறைந்தபட்ச வெப்பநிலையிலிருந்து 2 அல்லது 3 பாகை கழித்துக்கொள்ளுங்கள். புல் காற்றைவிடச் சற்று அதிகமாகவே குளிரும் என்பதால் கால் நனைவது ஒரு அடையாளம்தான், அளவீடு அல்ல. ஆனாலும் எந்த மாதத்தில் கழிக்க வேண்டும் என்று முடிவெடுக்க அது நன்றாக உதவும்.

மேலே சொன்ன ஏப்ரல் நாளில் 24-ஐ அப்படியே போட்டால் 5.5 மி.மீ., மூன்று கழித்தால் 5.8. காற்றளவுக்கு இது ஆட்டுவதில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து: வெங்காயத் தோட்டம் செய்கிறேன். வெயில் அளவு கிடைக்கவில்லை. வெப்பநிலை வித்தியாசத்தை வைத்துக் கணித்தால் மிகக் குறைவாக வருகிறது. ஏன்?

உங்களுக்கு இரண்டு பக்கமும் கடல். மேகமில்லாத நாளில் பகலுக்கும் இரவுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கும், மேகம் இருந்தால் குறையும் என்பதுதான் அந்த முறையின் அடிப்படை. கடல் பகலையும் ஏறவிடாது, இரவையும் இறங்கவிடாது. வெயில் கொளுத்தினாலும் வித்தியாசம் ஆறு பாகைதான் என்றால், மேகமூட்டம் என்று சமன்பாடு நினைத்துக்கொள்ளும்.

காற்றுமண்டலத்துக்கு மேலே விழும் கதிர்வீச்சை வித்தியாசத்தின் வர்க்கமூலத்தாலும் ஒரு கெழுவாலும் பெருக்குவதுதான் அந்த முறை. அந்தக் கெழு உள்நாட்டுக்கு 0.16, கடற்கரைக்கு 0.19. உங்கள் பக்கம் 0.19 போட்டாலும், ஆறு பாகை வித்தியாசத்துக்கு ஏப்ரலில் 18 மெகாஜூலைத் தாண்டாது. 20 கிலோமீட்டர் அகலத்துக்கு உட்பட்ட தாழ்வான தீவுகளுக்குக் கையேடு வேறு வழி சொல்கிறது: மேலே விழும் கதிர்வீச்சில் 0.7 பங்கை எடுத்து 4-ஐக் கழி. அப்படிச் செய்தால் 22.6 மெகாஜூல். நெடுந்தீவு மாதிரி இடத்துக்கு இது அப்படியே பொருந்தும், குடாநாட்டுக்கும் இதை நான் முயன்று பார்ப்பேன். ஆனால் மாதச் சராசரிக்கு மட்டும்தான். தினக்கணக்குக்குப் போட்டால் மழை நாளும் வெயில் நாளும் ஒன்றாகிவிடும்.

கோத்தகிரியிலிருந்து: நாசாவின் வானிலைத் தரவுத் தளமான நாசா பவரில் எல்லாமே இலவசமாகக் கிடைக்கிறதே. அதையே எடுத்துக்கொண்டால் என்ன?

கதிர்வீச்சுக்கு எடுங்கள், நல்ல துணை. மலையில் வெப்பநிலைக்கு எடுக்காதீர்கள். நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு எண்தான் அது தரும். ஒரு கட்டம் 50 கிலோமீட்டருக்கு மேல் அகலம். மேட்டுப்பாளையத்துக்கும் 2,200 மீட்டருக்கு மேலே இருக்கிற ஊட்டிக்கும் நேர்க்கோட்டில் அவ்வளவு தூரம்கூட இல்லை. ஒரே கட்டத்துக்குள் அடிவாரமும் உச்சியும் கலந்து ஒரு சராசரி வரும், அது உங்கள் கேரட் வயலின் வெப்பநிலை அல்ல. வெப்பமானி வாங்கி வையுங்கள். மீதியைத் தளத்திலிருந்து நிரப்பலாம். தரவு இல்லாத இடத்தில் அந்தத் தளம் -999 என்று போடும். அதை எண்ணாக நினைத்து யாரும் சராசரி எடுத்துவிடக் கூடாது.

பவானிசாகர் பக்கத்திலிருந்து: தினமும் எவ்வளவு நீர் ஆவியாகிறது என்று அளக்கும் ஆவிமானிப் பாத்திரம் இருக்கிறது. 0.7-ஆல் பெருக்கினால் போதும்தானே?

பொதுவாகப் போதும். சுற்றிலும் பசும்புல் இல்லாமல் வெறுந்தரையாக இருந்து, காற்றும் பலமாக அடித்தால் 0.7-க்கும் கீழே இறங்கும். கனமழையில் பாத்திரம் வழிந்த நாளின் கணக்கைத் தூக்கி எறிந்துவிடுங்கள்.

இன்னொரு மாணவர்: நடுவில் இரண்டு மூன்று நாள் விட்டுப்போனால்?

வெப்பநிலை, ஈரப்பதத்துக்கு முன்னும் பின்னும் உள்ள நாட்களை வைத்து நிரப்புங்கள். மழையை அப்படி நிரப்பவே கூடாது. பாசனத்துக்கு எப்படியும் ஐந்து நாள், பத்து நாள் கூட்டுத்தொகைதான் தேவை. ஒரு நாள் பிழை அதில் பெரும்பாலும் அடங்கிவிடும்.

அதே மாணவர்: இவ்வளவு அனுமானம் செய்த பிறகு, வந்த எண்ணை நம்பலாமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. நான்கு அளவீடும் முழுதாக இருக்கும் ஒரு வருடத்தை எடுங்கள், உங்கள் நிலையத்தில் இல்லாவிட்டால் பக்கத்து நிலையத்தில். முதலில் முழுத் தரவோடு ஈ.டி. கணக்கிடுங்கள். அப்புறம் காற்றை மறைத்து, அனுமானம் போட்டுக் கணக்கிடுங்கள். ஈரப்பதத்தை மறையுங்கள், கதிர்வீச்சை மறையுங்கள், கடைசியில் மூன்றையும் மறையுங்கள். ஒவ்வொன்றும் மாதவாரியாக எவ்வளவு விலகுகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். எந்த அளவீடு இல்லாவிட்டால் எந்த மாதத்தில் அடிபடும் என்று உங்கள் ஊர்க் கணக்கே சொல்லிவிடும். கருவி வாங்கக் கொஞ்சம் பணம் கிடைத்தால் முதலில் எதை வாங்குவது என்றும் அந்தத் தாளிலேயே தெரியும்.

அனுமானித்த எண்களுக்குக் கோப்பில் தனி நெடுவரிசை வைத்துக் குறியிடுங்கள். மூன்று வருடம் கழித்து அந்தக் கோப்பைத் திறப்பவருக்கு எது அளந்தது, எது நிரப்பியது என்று தெரிய வேண்டும்.