மூலப்பிரதியே இல்லையாமே?

கேள்வி: என் மகன் தேசிய சேவையில் இருக்கிறான். போன வாரம் முகாமிலிருந்து வந்தவன், "பைபிளின் மூலப்பிரதி எங்குமே இல்லையாம்மா, எல்லாம் நகலுக்கு நகல். மாற்குவின் கடைசிப் பகுதிகூடப் பழைய பிரதிகளில் கிடையாது" என்றான். சபை மூத்தவர் ஒருவரிடம் கேட்டேன். "சந்தேகம் பாவம், ஜெபம் பண்ணுங்கள்" என்றார். மகனுக்கு என்ன சொல்வது?
- உட்லண்ட்ஸ் வாசகி

பதில்: சகோதரி, உங்கள் மகன் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. முதலில் அதை அவனிடமே ஒப்புக்கொள்ளுங்கள். ஜெபம் நல்லதுதான், ஆனால் கேள்விக்கு அது பதில் ஆகாதே!

மூலப்பிரதி கிடைக்காதது வேதத்துக்கு மட்டும் வந்த குறையா? சங்கப் புலவர் தம் கைப்பட எழுதிய ஏடு யாரிடம் இருக்கிறது? உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராகச் சுவடி தேடி, ஒப்பிட்டு, பாடபேதம் (பிரதிக்குப் பிரதி சொல் மாறும் இடம்) குறித்துத்தான் பதிப்பித்தார். புதிய ஏற்பாட்டுக்கும் அதே வேலைதான். கிரேக்கக் கைப்பிரதிகள் மட்டும் 5,000க்கு மேல். பிரதி கூடக்கூட வேறுபாடும் கூடும், பெரும்பாலும் எழுத்துப் பிழை, சொல் முன்பின் மாறுவது. ஆனால் பிற்காலத்தில் எங்கே கை பட்டது என்று காட்டிக்கொடுப்பதும் அதே பிரதிகள்தான்.

உயிர்த்தெழுந்த இயேசு சீடர்களுக்குத் தோன்றும் மாற்கு 16:9-20 அப்படித்தான் தெரியவந்தது. 4ஆம் நூற்றாண்டின் சினாய், வத்திக்கான் என்ற கிரேக்கப் பிரதிகள் இரண்டிலும் அது இல்லை. கல்லறைக்குப் போன பெண்கள் பயந்து ஓடுவதோடு சுவிசேஷம் நின்றுவிடுகிறது. அதனால் உயிர்த்தெழுதல் காணாமல் போகவில்லை. "அவர் உயிர்த்தெழுந்தார்" என்பது 6ஆம் வசனத்திலேயே இருக்கிறது.

என்னைக் கேட்டால், இதைவிடப் பெரிய விஷயம் சாக்கடல் சுருள்கள். 1947 வாக்கில் சாக்கடல் அருகே கும்ரான் குகையில் கிடைத்த ஏசாயா சுருள் 7 மீட்டருக்கு மேல் நீளம், 66 அதிகாரமும் இருக்கிறது. இன்று முழுதாக நம்மிடம் இருக்கும் மிகப் பழைய எபிரெய வேதம் 1008ஆம் ஆண்டுப் பிரதி. சுருளோ இயேசு பிறப்பதற்கு நூறு வருடத்துக்கும் முந்தியது. வித்தியாசங்கள் உண்டு, ஆனாலும் நாம் வாசிக்கும் ஏசாயாதான் அது. பாடுபடும் தாசனைப் பற்றிய, இயேசுவைக் குறிப்பதாக நாம் வாசிக்கும் 53ஆம் அதிகாரத்தைக் கிறிஸ்தவர்கள் பின்னால் எழுதிச் சேர்த்தார்கள் என்று இனி யாரும் சொல்ல முடியாது.

சரி, இதற்கு மேல் சுவடியிடம் கேட்காதீர்கள். எழுதியது நம் கைக்கு ஒழுங்காக வந்து சேர்ந்ததா என்றுதான் அது சொல்லும். எழுதியது உண்மையா என்பது விசுவாசத்தின் கேள்வி. தொல்பொருள் வேதத்தை நிரூபித்துவிட்டது என்று மேடையில் முழங்குபவர்களால்தான் யோசிக்கிற பிள்ளைகள் சலித்துப்போகிறார்கள்.

மகன் அடுத்த முறை வரும்போது, சபையில் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பையும் திருவிவிலியத்தையும் பக்கத்தில் வைத்து 1 யோவான் 5:7 பாருங்கள். "பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி" என்ற வரி பழையதில் இருக்கும், திருவிவிலியத்தில் இருக்காது. பழைய கிரேக்கப் பிரதிகளில் அது இல்லை. திரித்துவம் அந்த ஒரு வரியை நம்பி நிற்கவில்லை, பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரையும் சேர்த்துச் சொல்லும் மத்தேயு 28:19 இருக்கிறது. அப்புறம், சினாய் பிரதியின் படங்கள் இணையத்தில் இலவசம். மாற்கு முடிகிற பக்கத்தை அவனையே தேடி எடுக்கச் சொல்லுங்கள்.