முகூர்த்த மாதங்களில் பதிவுகள் நின்றுபோகாமல் இருக்க

கேள்வி: கும்பகோணத்தில் மணப்பெண் மேக்கப் செய்கிறேன். உதவிக்கு ஒரு பெண் மட்டும். தை பிறந்தால் ஆனி முடிய ஓட்டம்தான். முதல் நாள் சாயங்காலம் ரிசப்ஷன், மறுநாள் விடியற்காலை முகூர்த்தம். இன்ஸ்டாகிராமில் வாரக்கணக்கில் எதுவும் போட முடிவதில்லை. ஆடியில் நேரம் இருக்கிறது, ஆனால் போடுவதற்குக் கையில் நல்ல வீடியோ இல்லை. இதை எப்படிச் சரிசெய்வது?

பதில்: சீசனில் பதிவு தயாரிக்க முயலாதீர்கள். அப்போது செய்ய வேண்டியது சேகரிப்பு மட்டும். வெட்டுவது, கோர்ப்பது, எழுதுவது, தேதி குறித்து வைப்பது எல்லாம் மார்கழி, ஆடி, புரட்டாசி போலக் கல்யாணம் இல்லாத நாட்களின் வேலை. மார்கழியில் தயார் செய்து வைக்காததால் தையில் போட ஒன்றும் இல்லை. தையில் எடுத்து வைக்காததால் ஆடியில் ஒன்றும் இல்லை.

ஆடியில் கல்யாணம் இல்லை என்பதற்காகப் பக்கத்தைச் சும்மா விடவும் கூடாது. ஆவணியில் முகூர்த்தம் குறித்த வீடுகள் மேக்கப்புக்கு ஆள் தேடுவது ஆடியில்தான். தை முகூர்த்தத்துக்குக் கார்த்திகையிலும் மார்கழியிலும் தேடுகிறார்கள். அப்போது பக்கத்தைத் திறக்கும் பெண்ணுக்குக் கடைசிப் பதிவு நான்கு மாதப் பழசாகத் தெரிந்தால், நீங்கள் இன்னும் தொழிலில் இருக்கிறீர்களா என்றே சந்தேகம் வரும்.

வாரத்துக்கு இரண்டு பதிவு போதும். தினமும் போட வேண்டும் என்று சொல்பவர்களின் பேச்சைத் தனி ஆளாக வேலை செய்கிறவர் கேட்கத் தேவையில்லை; பத்து நாள் போட்டுவிட்டு இரண்டு மாதம் காணாமல் போவதைவிட, வாரம் இரண்டு தவறாமல் வருவது நல்லது. தை முதல் ஆனி முடிய ஏறத்தாழ 26 வாரம், அதாவது 52 பதிவு. இன்ஸ்டாகிராமில் உங்கள் கணக்கு தொழில்முறைக் கணக்காக இருந்தால், செயலிக்குள்ளேயே 75 நாள் வரை முன்கூட்டித் தேதி, நேரம் குறித்து வைக்கலாம். மார்கழிக் கடைசியில் உட்கார்ந்து பத்து வாரத்துக்கு 20 பதிவுகளை ஏற்றிவிட்டால் பாதிப் பங்குனி வரை பக்கம் தானாக ஓடும். பங்குனியில் சில வீடுகளில் கல்யாணம் வைப்பதில்லை. அந்த இடைவெளியில் அடுத்த 20. மீதி 12-ஐ வைகாசியில் ஒரு தேய்பிறை வாரத்தில் முடிக்கலாம். வளர்பிறை முகூர்த்தத்தையே பலரும் விரும்புவதால் தேய்பிறை நாட்களில் கொஞ்சம் மூச்சு விட முடியும். புது வருடப் பஞ்சாங்கம் வந்ததும் உங்கள் பதிவு வேலைக்கான நாட்களையும் அதில் குறித்துவிடுங்கள்.

அந்த முதல் 20 பதிவுகளுக்கு மணப்பெண்ணே வேண்டாம். அதுதான் இதில் உள்ள வசதி. பட்டுப்புடவைக்கு முதல் நாளே கொசுவம் மடித்து, அயர்ன் செய்து, பின் குத்தி வைக்கும் ப்ரீ-ப்ளீட்டிங் ஒன்றே நான்கு வீடியோ தரும்: முந்தி மடிப்பின் அகலத்தை எப்படி முடிவு செய்கிறீர்கள், கனமான ஜரிகை பார்டர் மடிப்பில் ஏன் திமிறுகிறது, ஜரிகை மேல் சூடான அயர்ன் பெட்டியை நேராக வைக்காமல் மெல்லிய பருத்தித் துணி போட வேண்டியது ஏன், பெட்டியில் வைக்க எப்படி மடிப்பது. ஜடை அலங்காரத்துக்குப் பூக்கட்டுபவரிடம் என்ன அளவு சொல்ல வேண்டும், ராக்கொடி, சூரியன், சந்திரன் ஆகிய தலை நகைகள் எந்த இடத்தில் அமர வேண்டும், நெத்திச்சுட்டி நழுவாமல் எங்கே பின் போடுவது, மாநிறத்துக்கு எந்த பவுண்டேஷன் கிரீம் சாம்பல் பூத்தது போலத் தெரியும் என்பதெல்லாம் மேஜை மேலும் உதவியாளர் முகத்திலும் செய்து காட்டக்கூடியவை. கல்யாண வீட்டார் உங்களிடம் போனில் கேட்கும் கேள்விகளை ஒரு மாதம் எழுதி வைத்துக்கொண்டாலே பாதித் தலைப்பு கிடைத்துவிடும். "ஹோமப் புகையில் கண் மை கரையுமா?" என்று கேட்டால் அது ஒரு பதிவு. ஒரே பிற்பகலில் ஏழெட்டு எடுக்கலாம். வேறு வேறு நாள் போலத் தெரிய, மேஜை விரிப்பையும் உங்கள் துப்பட்டாவையும் மட்டும் மாற்றினால் போதும்.

முன்கூட்டி ஏற்றும் பதிவில் "தை 20 காலி இருக்கிறது" என்பது போலத் தேதி எதையும் எழுதாதீர்கள். அது வெளியாகும் நாளில் அந்தத் தேதி போயிருக்கும். காலி நாட்கள் ஸ்டோரியிலும் வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸிலும் மட்டும் வரட்டும். இரண்டும் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும்.

மண்டபத்தில் எடுக்க வேண்டியவை

ஒரு மணப்பெண்ணுக்கு ஆறு வீடியோத் துண்டு, ஒவ்வொன்றும் 8 முதல் 10 விநாடி. எல்லாம் சேர்த்து ஒரு நிமிடம்தான் வரும். மேக்கப்புக்கு முன் முகம், நகையும் பூவும் பரப்பி வைத்த தட்டு, கை வேலை செய்யும் ஒரு நெருக்கக் காட்சி, பின்பக்கம் ஜடை, முடிந்ததும் மெல்லத் திரும்பும் முகம். ஆறாவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்: தாலி கட்டி, அக்னி சுற்றி, அழுது சிரித்து முடித்த பிறகு அதே முகம் எப்படி இருக்கிறது என்பது. மேக்கப் அறையின் விளக்கில் எல்லா முகமும் அழகாகத்தான் இருக்கும். காசு கொடுக்கப் போகும் பெண்ணுக்குத் தெரிய வேண்டியது, விடிகாலை 3 மணிக்குப் போட்டது 9 மணிக்கு நிற்கிறதா என்பதே. சாப்பாட்டுக்குப் போகும் முன்பு அதற்கு ஒரு நிமிடம் கிடைக்கும்.

எடுக்கும் பொறுப்பை உதவியாளரிடம் கொடுங்கள். ஆறு துண்டையும் ஒரு சீட்டில் எழுதி மேக்கப் பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டிவிட்டால் அவர் உங்களைக் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார். போனைச் செங்குத்தாக, நெஞ்சு உயரத்தில் பிடிக்கட்டும்.

கோயில் கல்யாணமானால் திட்டம் மாறும். தமிழகக் கோயில்களுக்குள் கைபேசியைத் தடை செய்ய உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டது. ஆகவே சுவாமிமலையிலோ ஒப்பிலியப்பன் கோயிலிலோ முகூர்த்தம் என்றால், உள்ளே எடுக்கலாம் என்று நம்பிப் போகாமல் தங்கும் அறையிலேயே முதல் ஐந்து துண்டையும் முடித்துவிடுங்கள்.

காட்சி கெடுவது பெரும்பாலும் சின்னக் காரணங்களால்தான். முதலாவது லென்ஸ். மேக்கப் கலையாமல் நிற்க செட்டிங் ஸ்ப்ரே அடிக்கும்போது பக்கத்தில் இருக்கும் போனிலும் படிந்து, எல்லாம் பனி மூடினாற்போலப் பதிவாகும். ஒவ்வொரு துண்டுக்கு முன்பும் மெல்லிய துணியால் துடைக்க வேண்டும். இரண்டாவது, பழைய மண்டப அறைகளில் டியூப்லைட்டும் மஞ்சள் பல்பும் கலந்து எரிவது. கேமரா எதை நம்புவது என்று தெரியாமல் ஒரு கன்னத்தை ஆரஞ்சாகவும் மறு கன்னத்தைச் சாம்பலாகவும் காட்டும். மஞ்சளை அணைத்துவிட்டு ஒரே வகை வெளிச்சத்தில் எடுங்கள். பகலானால் ஜன்னல் பக்கம். மூன்றாவது, வீடியோவில் கறுப்புப் பட்டைகள் ஓடுவது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்குகள் விநாடிக்கு 100 முறை மங்கி எரிகின்றன. போன் விநாடிக்கு 30 பிரேம் (தனிப்படம்) எடுத்தால் அதோடு ஒத்துப்போகாது. 25 பிரேமுக்கு மாற்றி, ஷட்டர் வேகத்தை மாற்ற முடிகிற போனாக இருந்தால் 1/50 வைத்தால் பட்டை போய்விடும். ஐபோனில் கேமரா அமைப்பில் PAL வடிவங்களைக் காட்டும் தேர்வை இயக்கினால்தான் 25 தெரியும்.

சருமத்தை வழவழப்பாக்கும் பியூட்டி மோடைக் கட்டாயம் அணைத்துவிடுங்கள். பல ஆண்ட்ராய்டு போன்களில் அது தானாகவே இயங்கிக்கொண்டிருக்கும். உங்கள் வேலையை அது மறைத்துவிடும்; நேரில் வந்து பார்ப்பவர் ஏமாந்ததாகவும் நினைப்பார்.

இடப் பற்றாக்குறை விடிகாலை 3 மணிக்குத்தான் தெரியவரும். ஐபோனில் 4கே 30 பிரேம் வீடியோ நிமிடத்துக்கு ஏறத்தாழ 170 எம்பி. 1080பி என்றால் 60 எம்பிதான். ரீல்ஸுக்கு 1080பி போதும். உதவியாளர் போனில் எடுத்ததை வாட்ஸ்ஆப்பில் சாதாரண வீடியோவாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும். டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

அனுமதி

அட்வான்ஸ் வாங்கும்போதே வாட்ஸ்ஆப்பில் எழுத்தாகக் கேளுங்கள்: முகத்தோடு போடலாமா, முகம் தெரியாமல் ஜடை, கை, புடவை மட்டும் போடலாமா, எதுவுமே வேண்டாமா. மேக்கப் நாற்காலியில் உட்கார வைத்துக் கேட்டால் மறுக்கத் தயங்கித் தலையாட்டுவார். பிறகு மாமியார் வீட்டிலிருந்து நீக்கச் சொல்லிப் போன் வரும். மேக்கப்புக்கு முந்தைய முகத்துக்குத் தனியாகச் சம்மதம் வாங்க வேண்டும். முகத்தோடு சரி என்பவர்கள்கூட அந்தக் காட்சியை விரும்பாமல் இருக்கலாம்.

போனிலேயே மூன்று ஆல்பம் வைத்து, மண்டபத்திலிருந்து திரும்பும் வண்டியிலேயே பிரித்துவிடுங்கள்: போடலாம், முகமில்லாமல், கூடாது. இதைத் தள்ளிப்போட்டால் ஆடியில் யார் என்ன சொன்னார் என்பது நினைவில் இருக்காது. ஆல்பத்துக்குள் தேதியும் ரிசப்ஷனா முகூர்த்தமா என்பதும் இருந்தால் தேடுவது சுலபம்.

மண்டபத்திலிருந்து நேரடியாக எதுவும் போடாதீர்கள். தாலி ஏறும் முன் மணப்பெண் கோலம் வெளியே தெரிவதைப் பல குடும்பங்கள் விரும்புவதில்லை. திருஷ்டிக்கு அஞ்சி, மறுவீடு முடியட்டும் என்பவர்களும் உண்டு. இன்னொரு காரணம் பாதுகாப்பு. நகை போட்ட முகத்தோடு மண்டபத்தின் பெயரும் வந்தால், அந்த வீடு பூட்டியிருக்கிறது என்று ஊருக்கே சொன்னதாகிவிடும். குறைந்தது இரண்டு நாள் கழித்துப் போடுங்கள்.

போட்டோகிராபர் எடுத்த படத்தைப் போடுவதாக இருந்தால் குடும்பத்திடமும் அவரிடமும் கேட்க வேண்டும். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, காசு கொடுத்து எடுக்கச் சொன்னவரே படத்தின் முதல் உரிமையாளர். அதனால் குடும்பத்தின் சம்மதம் அவசியம். போட்டோகிராபர் தனியாக ஒப்பந்தம் போட்டிருக்கலாம் என்பதாலும், மரியாதைக்காகவும், அவர் பக்கத்தையும் குறிப்பிட்டுவிடுங்கள். கூட்டுப் பதிவாக அழைத்து அவர் ஏற்றுக்கொண்டால் ஒரே பதிவு இரண்டு பக்கத்திலும் தெரியும். உங்களுக்கு இதில் கூடுதல் உழைப்பே இல்லை.

சினிமாப் பாட்டைப் பொறுத்தவரை, வணிகக் கணக்குகளுக்குப் பல பாடல்கள் கிடைக்காது. வேறு செயலியில் பாட்டைச் சேர்த்து ஏற்றினால் ஒலி நீக்கப்படலாம். உங்கள் குரலில் பேசிப் பதிவு செய்யுங்கள். பாட்டைவிட விளக்கத்துக்குத்தான் விசாரணை வரும். கீழே எழுதும் வாசகத்தில் ஊர் பெயர், முகூர்த்தமா ரிசப்ஷனா, புடவை நிறம், எத்தனை மணி நேரம் நின்றது என்பதை எழுதினால் தேடுபவர் கண்ணில் படும்.

விசாரணைக்குப் பதில்

ஏதாவது ஒரு வேலைக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் பதிவை விட்டுவிட்டுப் பதில் சொல்லுங்கள். ஒரு ரீல் தாமதமானால் யாரும் கவனிப்பதில்லை. பதில் வராவிட்டால் மணப்பெண்ணின் அம்மா அன்று மாலைக்குள் வேறு ஆளைப் பேசி முடித்துவிடுவார். வாட்ஸ்ஆப் பிசினஸில் விரைவுப் பதில்கள் என்று ஒரு வசதி உண்டு. குறுக்குக்கோடு (/) போட்டு இரண்டெழுத்து அடித்தால் முழுச் செய்தியும் வரும். அதில் தேதி, முகூர்த்த நேரம், ஊரும் மண்டபமும், எத்தனை அலங்காரம், மணப்பெண் தவிர யாருக்கெல்லாம் மேக்கப் என்ற ஐந்து கேள்வியை எழுதி வையுங்கள். வெளியில் இருக்கும்போது தானாகப் போகும் செய்தியில் "காலை 11 மணிக்கும் இரவு 8 மணிக்கும் பதில் சொல்வேன்" என்று நேரத்தைச் சொல்லிவிட்டால் காத்திருப்பார்கள். ரிசப்ஷன் இருக்கும் நாளில் இரவு 8 மணியை மதியம் 2 மணியாக மாற்றிவிடுங்கள். சொன்ன நேரத்தில் பதில் வராவிட்டால் அந்தச் செய்தியே உங்களுக்கு எதிராகிவிடும்.

கூகுள் மேப்ஸில் தொழில் விவரம் பதிவு செய்திருந்தால், மாதம் இரண்டு மூன்று படங்கள் அங்கும் ஏற்றுங்கள். விமர்சனம் கேட்பதற்கு நல்ல நாள் கல்யாணத்துக்கு மூன்றாம் நாள்; இணைப்பை நேரடியாக அனுப்பிவிட வேண்டும். ஒரு மாதம் கழித்துக் கேட்டால் மறந்திருப்பார்கள்.

வாரத்துக்கு ஒருமுறை, ஐந்து நிமிடம், வரிசையில் காத்திருக்கும் பதிவுகளைத் திறந்து பாருங்கள். முகம் தெரியும் ஒரு பெண்ணின் வீட்டில் துக்கம் நடந்திருக்கலாம், சம்மதத்தை மாற்றியிருக்கலாம். அந்தப் பதிவை எடுத்துவிட்டு, அதே இடத்தில் ஒரு ப்ரீ-ப்ளீட்டிங் வீடியோவைப் போடுங்கள். இதற்காகவே முகமில்லாத பதிவுகள் மூன்று நான்கு எப்போதும் மிச்சம் இருக்கட்டும்.