செல் ஒட்டும் பூச்சும் ஒட்டாத பூச்சும்: கேள்வி பதில்

கேள்வி (முதுகலை மாணவி, பாளையங்கோட்டை): செல் வளர்க்கும் தட்டு தீர்ந்துவிட்டதால், பாக்டீரியாவுக்குப் பயன்படுத்தும் சாதாரண பெட்ரி தட்டில் செல்களை விட்டோம். மறுநாள் பெரும்பாலானவை மிதந்தன. இரண்டும் பாலிஸ்டைரீன்தானே ஐயா?

பதில்: பிளாஸ்டிக் ஒன்றுதான் அம்மா, மேற்பரப்பு வேறு. செல் வளர்க்கும் தட்டை ஆக்சிஜன் பிளாஸ்மா (மின்னேற்றமடைந்த வாயு) போன்ற முறைகளால் பதப்படுத்தி, அதன் மேற்பரப்பில் ஆக்சிஜன் கொண்ட வேதித்தொகுதிகளை உண்டாக்குகிறார்கள். இரண்டு தட்டிலும் ஒரு சொட்டு வாலைவடிநீர் விட்டுப் பாருங்கள். சாதாரணத் தட்டில் அது ஏறத்தாழ 90 பாகைக் கோணத்தில் குமிழாக நிற்கும், மற்றதில் தாழ்ந்து பரவும். ஆயினும் செல் பிளாஸ்டிக்கை நேரே தொடுவது அரிது. வளர்ப்பு ஊடகத்தை ஊற்றிய நொடிகளிலேயே அதில் கலந்த சீரத்திலுள்ள (உறைந்த ரத்தத்திலிருந்து பிரியும் தெளிநீர்) புரதங்கள் பரப்பை மூடத் தொடங்கிவிடுவதால், செல் வந்து இறங்குவது அந்தப் புரதப் படலத்தின் மீதுதான். நீரை விலக்கும் பரப்பில் சீரத்தில் மிகுந்திருக்கும் அல்புமின் என்ற புரதம் இடத்தை நிரப்பிவிடுகிறது. செல்லின் மேற்பரப்பில் பிடிகைபோல் இருக்கும் இன்டெக்ரின்கள் பற்றிக்கொள்ளும் ஃபைப்ரோநெக்டின், விட்ரோநெக்டின் என்ற புரதங்களுக்கு அங்கே இடம் குறைவு. ஒட்டிய கொஞ்சமும் உருக்குலைந்து, பற்றுமிடம் மறைந்துபோகக்கூடும்.

கேள்வி (ஆசிரியர், அம்பாசமுத்திரம்): அப்படியானால், புரதம் மிகுதியாக ஒட்டினால் செல்லும் மிகுதியாக ஒட்டும் என்று மாணவர்களுக்குச் சொல்லலாமா?

பதில்: வேண்டாம். எந்தப் புரதம், எந்த நிலையில் என்பதே முக்கியம். அளவை மட்டும் அளந்துவிட்டு முடிவு சொல்லும் கட்டுரைகளை நான் நம்புவதில்லை. படலமும் நிலையாக இருப்பதில்லை. துண்டு போட்டு இடம்பிடித்தவர் எல்லாம் ஊர் போய்ச்சேரும்வரை உட்கார்ந்திருப்பதில்லை அல்லவா? ரத்தப் பிளாஸ்மாவில் முதலில் ஒட்டும் ஃபைப்ரினோஜனைப் பிற புரதங்கள் பெயர்த்துவிடுவதை ரத்த ஆய்வாளர் லியோ விரோமன் கண்டார். அவர் பெயராலேயே அது விரோமன் விளைவு எனப்படுகிறது.

கேள்வி (கண்ணாடிக் கடை நடத்துபவர், தென்காசி): சில கான்டாக்ட் லென்ஸ்களில் புரதம் படிவது ஏன் கூடுதலாக இருக்கிறது?

பதில்: மெத்தாக்ரிலிக் அமிலம் சேர்ந்த, நீர் மிகுந்த லென்ஸ்கள் எதிர்மின்னேற்றம் கொண்டவை. கண்ணீரிலுள்ள லைசோசைம் சிறிய, நேர்மின்னேற்றப் புரதமாகையால் அவற்றின் உள்ளேயே புகுந்து சேர்கிறது. அவ்வளவு சேர்ந்தும், அதில் பெரும்பகுதி தன் வடிவையும் செயலையும் இழப்பதில்லை. சிலிக்கோன் ஹைட்ரோஜெல் லென்ஸிலோ படிவது மிகக் குறைவு; ஆனால் படிந்ததில் உருக்குலைந்த பங்கு கூடுதல், கொழுப்பும் அதிகம் ஒட்டும். ஆகவே "குறைவாகப் படியும்" என்று மட்டும் சொல்லி வாடிக்கையாளரிடம் விற்பது அரைகுறை உண்மை.

கேள்வி (ஆய்வு மாணவர், திருநெல்வேலி): புரதம் ஒட்டாமலிருக்கப் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற பாலிமரைப் பூச்சிட்டும் புரதம் ஒட்டுகிறதே ஐயா?

பதில்: சங்கிலிகள் நெருக்கமாக நிற்கின்றனவா என்று முதலில் பாருங்கள். நீரைப் பிடித்துவைத்திருக்கும் அச்சங்கிலிகள் அடர்ந்து நின்றால்தான் புரதத்தைத் தடுக்கும். இடைவெளி விட்டு நின்றால் சிறு புரதங்கள் அடிப்பரப்புவரை நுழைந்துவிடும். பூச்சிடும்போது உப்பைக் கூட்டிச் சூடாக்கி, கரைசல் கலங்கும் நிலைக்குச் சற்று முன்னால் நிறுத்துங்கள். சங்கிலிகள் சுருங்கிக்கொள்வதால் அதே பரப்பில் கூடுதலாகப் பிணையும். நெடுநாள் தேவைக்கு, ஆக்சிஜனேற்றத்தால் இது சிதையக்கூடும் என்பதால், இரு மின்னேற்றமும் சமமாகக் கொண்ட சல்ஃபோபீட்டெய்ன் பாலிமர்களையும் சோதியுங்கள்.

கேள்வி (ஆய்வக உதவியாளர், வண்ணார்பேட்டை): ஆக்சிஜன் பிளாஸ்மா கொடுத்த சிலிக்கோன் ரப்பர் மறுநாளே பழையபடி நீரை விலக்குகிறது.

பதில்: உள்ளிருக்கும் குட்டைச் சங்கிலிகள் மேலே வந்துவிடுகின்றன; நம் ஊர் சித்திரை வெக்கையில் இன்னும் வேகமாக வரும். பிளாஸ்மா கொடுத்தவுடன் தூய நீரில் அமிழ்த்தி வையுங்கள், அல்லது அன்றே ஃபைப்ரோநெக்டின் பூசிவிடுங்கள்.