பத்சேபாளின் கையில் இருக்கும் கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

டச்சு ஓவியர் ரெம்ப்ராண்ட் வரைந்த பத்சேபாள் ஓவியத்தைப் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்துவிட்டுப் படத்தைத் தேடிப் பார்த்தேன். நான் சபைக்குப் போகிற குடும்பத்தில் பிறந்தவள். தாவீது ராஜாவின் கண்ணில் படும்படி குளித்து அவனைப் பாவத்தில் விழவைத்தவள் என்றுதான் சிறு வயதிலிருந்து அவளைப் பற்றிக் கேட்டு வளர்ந்தேன். இந்தப் படத்திலும் ஆடையில்லாமல்தான் இருக்கிறாள். ஓவியரும் அதே பழியைத்தானே போடுகிறார்? கையில் கடிதம் வேறு. தாவீது அவளுக்குக் கடிதம் எழுதியதாக வேதத்தில் இல்லையே. காலடியில் இருக்கும் கிழவி யார்?

எம்.

அன்புள்ள எம்,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் வேதத்தில் அவள் கதை வரும் 2 சாமுவேல் 11-ஆம் அதிகாரத்தை மறுபடி எடுத்து வாசித்தேன். நீங்களும் ஒருமுறை வாசியுங்கள். உப்பரிகையில் உலாவியவன் தாவீது. பார்த்ததும் விசாரித்ததும் ஆள் அனுப்பியதும் அவன்தான். அவள் நிமிர்ந்து ராஜாவைப் பார்த்தாள் என்றுகூட அங்கே இல்லை. அந்த அதிகாரம் முழுக்க அவளிடமிருந்து வருவது ஒரே ஒரு செய்தி: தான் கர்ப்பமாக இருக்கிறேன் என்பது. அடுத்த அதிகாரத்தில் தீர்க்கதரிசி நாத்தான் வந்து “நீயே அந்த மனுஷன்” என்று தாவீதிடம் சொல்கிறார். அவளைக் குற்றம் சொல்லி ஒரு வார்த்தை இல்லை. நீங்கள் கேட்டு வளர்ந்த பழி பின்னால் வந்தவர்கள் ஏற்றியது.

கடிதம் வேதத்தில் இல்லை என்பது சரி. அது ரெம்ப்ராண்டின் கற்பனையும் அல்ல. டச்சு ஓவியர்களிடம் அப்படி வரையும் வழக்கம் இருந்தது. அவர் இதை வரைந்த அதே 1654-இல் அவருடைய மாணவர் வில்லெம் டிரோஸ்ட் வரைந்த பத்சேபாளின் கையிலும் கடிதம் உண்டு. இரண்டு படங்களும் இன்று பாரிஸில், லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஆனால் அதே அதிகாரத்தில் வேறொரு கடிதம் வருவதைக் கவனித்தீர்களா? அவள் கணவன் உரியாவைப் போர் மும்முரமாக நடக்கும் இடத்தில் நிறுத்திச் சாகவிடு என்று தாவீது தன் படைத்தலைவன் யோவாபுக்கு எழுதுகிறான். அதை உரியாவின் கையிலேயே கொடுத்து அனுப்புகிறான். அதை வாசித்தபின் இந்தப் படத்தைப் பார்த்தால், மனைவியின் கையிலுள்ள காகிதமும் கனக்கத் தொடங்கிவிடுகிறது.

படத்துக்கு வருவோம். நீளமும் அகலமும் 142 செ.மீ.; ஏறக்குறைய நிஜ ஆளின் அளவிலேயே அவள் உட்கார்ந்திருக்கிறாள். ஒரு கை வெள்ளைத் துணியில் ஊன்றியிருக்கிறது. மடியில் கிடக்கும் மறு கையில் கடிதம். வாசித்து முடித்துவிட்டாள். கண் காகிதத்தில் இல்லை, எதையும் பார்க்கவும் இல்லை. மற்ற ஓவியர்கள் பலர் தூரத்து மாடத்தில் தாவீதைச் சின்னதாக வரைந்து வைப்பார்கள்; இங்கே அவன் கிடையாது. போனால் கணவனுக்குத் துரோகம், மறுத்தால் ராஜ கோபம். அந்த யோசனைக்கு வேதம் ஒரு வரிகூடத் தரவில்லை. ரெம்ப்ராண்ட் ஒரு படம் முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டார். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது, முதலில் அவள் தலையை இன்னும் நிமிர்த்தி வரைந்திருந்தது தெரிந்தது. பிறகுதான் தாழ்த்தியிருக்கிறார். கழுத்தின் அந்தச் சின்னச் சாய்வுதான் என்னை மீண்டும் மீண்டும் இந்தப் படத்துக்கு இழுக்கிறது.

அதே 1654-இல் ரெம்ப்ராண்டின் வீட்டில் நடந்ததையும் சொல்ல வேண்டும். மனைவி சாஸ்கியா 1642-இல் இறந்துவிட்டார். மறுமணம் செய்தால் அவருடைய சொத்தின் பலனை ரெம்ப்ராண்ட் இழக்க நேரிடும் என்று உயிலில் இருந்தது. உடன் வாழ்ந்த ஹென்ட்ரிக்கியே ஸ்டோஃபெல்ஸ் கர்ப்பமாக இருந்தபோது, ஆம்ஸ்டர்டாம் திருச்சபை மன்றம் அவரை அழைத்து, ஓவியரோடு வேசித்தனத்தில் வாழ்வதாகக் குற்றம் சுமத்தித் திருவிருந்திலிருந்து விலக்கியது. தண்டனை ஹென்ட்ரிக்கியேவுக்கு மட்டும்தான். அக்டோபரில் மகள் கொர்னீலியாவுக்கு ஞானஸ்நானம் நடந்தது. பத்சேபாளுக்கு மாதிரியாக அமர்ந்தவர் ஹென்ட்ரிக்கியேதான் என்று பலரும் கருதுகிறார்கள். ஆவணச் சான்று இல்லை. நானும் அப்படித்தான் நம்புகிறேன். ஆண் செய்ததற்குப் பெண்ணை மட்டும் கூட்டி விசாரிப்பதை அந்த வருடம் ரெம்ப்ராண்ட் தன் வீட்டிலேயே பார்த்தார். அவரா அவள்மேல் பழி போடுவார்?

ஆடையில்லாமல் இருப்பது உங்களை உறுத்தியது புரிகிறது. வயிற்றின் மடிப்பையும் உடலின் கனத்தையும் அவர் மழுப்பவில்லை. அது ஆசைகாட்டும் உடம்பாக எனக்குத் தெரியவில்லை. ராஜா பார்த்தது அந்த உடம்பை மட்டும்தான். ரெம்ப்ராண்ட் நம்மை அவளுடைய முகத்துக்குக் கொண்டுபோகிறார்.

அந்தக் கிழவி பணிப்பெண். வேறு சில டச்சுப் படங்களில் இப்படியொரு கிழவிதான் தூது கொண்டுவருபவள், சம்மதிக்கவைப்பவள். இங்கே அவள் எதுவும் பேசவில்லை. மேலே நடப்பது தெரியாதவள்போலக் குனிந்து, பத்சேபாளின் பாதத்தைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள்.